பெயர் சொல்லாத பெண்கள்

"உன் பெயர் என்ன அம்மா?"

"இன்னாரின் சம்சாரம்."

"அது சரி. உன் பெயர்?"

பதில் இல்லை!

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52ல் நடந்தது. அதற்கு ஓட்டர் பட்டியல் தயாரிக்கப் போனவர்கள் பீகார், உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் முதலிய பகுதிகளில் பட்ட பாடு இது. அன்னிய மனிதரிடம் பெண்கள் பெயர் சொல்வது வழக்கம் இல்லையாம். (தமிழ்நாட்டுப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்லத்தான் கூசுவார்கள். அங்கே சொந்தப் பெயருக்கே கூச்சம்!)

எழுத வந்தவர்களும் "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. பெயரைக் கேட்டு எழுதும்படி உத்தரவிட்டார். சில இடங்களில் அவகாசமும் தரப்பட்டது. அப்படியும் சொல்லாதவர்கள் நீக்கப்பட்டார்கள்.

எத்தனை பேர் தெரியுமா? சுமார் 28 லட்சம் பெண்கள்!

சரியா, தவறா?

கையில் கிடைத்த ஓட்டைப் பறிப்பது கொடுமை அல்லவா என்று தோன்றும். ஆனால், சென் செய்தது சரியே.

"இன்னார் மனைவி" என்று மட்டும் இருந்தால், அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டுப் போட்டுவிடலாம். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

வெள்ளையர் ஆட்சியில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து வேண்டும், வரி கட்ட வேண்டும், அல்லது படித்திருக்க வேண்டும். 1935-ம் ஆண்டுச் சட்டப்படி, பல பெண்களுக்குக் கணவரின் தகுதியை வைத்தே ஓட்டு வந்தது.

1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் இதை அடியோடு மாற்றியது. வயது வந்த குடிமக்கள் எல்லோருக்கும் ஓட்டு என்றது 326-வது பிரிவு. மதம், சாதி, ஆண், பெண் என்று பேதம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்றது 325-வது பிரிவு.

ஜமீன்தாருக்கும் ஒரு ஓட்டு. அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்கும் ஒரு ஓட்டு. அவள் யாருடைய மனைவி என்று சட்டம் கேட்கவில்லை.

அந்த 28 லட்சம் பேரையும் குறை சொல்வதற்கில்லை. சட்டம் வந்துவிட்டது. அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

இன்றும் பிள்ளைகள் பிரிவு எண்களைப் பரீட்சைக்காக நெட்டுருப் போடுகிறார்கள். இந்த 28 லட்சம் பேரின் கதையைச் சொல்லி 326-வது பிரிவை நடத்தினால், எந்தப் பிள்ளை மறக்கும்?

ஓட்டு வயது 21 ஆக இருந்தது. 1989-ல் அது 18 ஆயிற்று. வீட்டில் 18 வயது ஆன பெண் இருந்தால், விண்ணப்பத்தை அவளே எழுதட்டும். அதில் முதலில் கேட்பது அவள் பெயரை. அப்பா பெயரும் கணவர் பெயரும் அதற்கு அப்புறம்தான்!