மூன்று சென்ட் வீட்டுக்கும் நிபுணர் வேண்டும்

சித்திரை மாதத்து இரவில், மணி ஒன்பதைத் தாண்டிய பிறகும் காங்கிரீட் வீட்டுக்குள் அனல் அடிப்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். தெருவில் காற்று குளிர்ந்துவிட்டது. உள்ளே மின்விசிறியோ சூடான காற்றையே சுற்றிவிடுகிறது. காரணம் என்ன? பகலெல்லாம் மேல்தளம் உறிஞ்சிய வெப்பம் மெல்லக் கீழே இறங்கி, இரவில்தான் அறைக்கு வந்து சேருகிறது.

திண்டுக்கல் வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 10.4 பாகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. இடைப்பட்ட மாதங்களிலும் நண்பகல் சூரியன் உச்சியைவிட்டு 13 பாகைக்கு மேல் விலகுவதில்லை. எனவே நம் ஊரில் வெயிலை மிகுதியாக வாங்குவது கூரைதான். அடுத்தபடி, சாய்ந்த வெயில் படும் கிழக்கு, மேற்குச் சுவர்கள். மேற்கில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைப்பதும், தளத்தை வெறும் காங்கிரீட்டாக விடுவதும் வெப்பத்தை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917-2007) என்ற கட்டடக் கலைஞர், செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே காற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பரப்பினார். ‘எலிப்பொறிக் கட்டு’ என்பது அதன் பெயர். செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்குள்ள காங்கிரீட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஓடுகளை வைத்தால் சிமெண்டும் குறையும், வெப்பமும் குறையும். இம்முறைகளை மக்களிடம் கொண்டு செல்ல 1985-இல் திருச்சூரில் ‘காஸ்ட்ஃபோர்டு’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது.

அரசும் சும்மா இருக்கவில்லை. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு 2007-இல் வந்தது. சுவிட்சர்லாந்து நிபுணர்களின் ஒத்துழைப்போடு, குடியிருப்புகளுக்கான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ 2018-இல் வந்தது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்று வகுக்கப்பட்டது. ஏறக்குறைய 12 சென்ட்! நம் ஊரில் இரண்டு, மூன்று சென்ட் வாங்கி, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்! குளிர்சாதனம் வாங்க வசதியுள்ளவருக்கு நிபுணர் கிடைக்கிறார். மின்விசிறியை மட்டும் நம்பியிருப்பவருக்குக் கிடைப்பதில்லை. இது தலைகீழான ஏற்பாடு அல்லவா?

2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற குறிக்கோளுடன் தமிழக அரசு 2024-இல் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தை அறிவித்தது. ஒவ்வொன்றும் 360 சதுர அடி. இத்தகைய சிறு வீட்டில்தான் கூரையின் சூடு தப்ப இடமின்றி ஆளைத் தாக்கும். ஒருமுறை தவறாகப் போட்ட தளம் ஐம்பது ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

‘நிபுணர் என்றால் செலவு’ என்பார்கள். வரைபடத்தில் ஜன்னலை மேற்கிலிருந்து வடக்குக்கு மாற்ற ஒரு பென்சிலும் ரப்பரும் போதும். கட்டி முடித்த பின் மாற்றுவதுதான் செலவு. ஆகவே வரைபடத்துக்கு அனுமதி தரும் மாநகராட்சி, ஊராட்சி அலுவலகங்களிலேயே வாரம் ஒரு நாள் இலவச ஆலோசனை கிடைக்க வேண்டும். கொத்தனார்களுக்குக் கூலியோடு பயிற்சி தர வேண்டும். காகிதத்தில் உள்ள அறிவைச் சுவராக மாற்றுவது அவர்கள் கைதான். கிராமங்களுக்கு அறிவைக் கொண்டு செல்வதற்கென்றே 1956-இல் தொடங்கிய காந்திகிராமக் கிராமிய நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. இப்பணிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

நீங்களும் ஒன்று செய்யலாம். ஒரே அளவான இரண்டு தகரப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேற்புறத்துக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், மற்றதைக் கருப்பாக்குங்கள். இரண்டிலும் வெப்பமானியை வைத்து, நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் விடுங்கள். கிடைக்கும் அளவுகளை வீட்டிலும், வீடு கட்டவிருக்கும் உறவினரிடமும் காட்டுங்கள். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே காட்டுங்கள்!