ஃபார்மட் பண்ணிடலாம் சார்!

கம்ப்யூட்டர்ல என்ன கோளாறுன்னாலும் நம்ம ஊர்ல ஒரே மருந்துதான். ஃபார்மட். வைரஸா? ஃபார்மட். மெதுவா ஓடுதா? ஃபார்மட். பொட்டி திறக்க மாட்டேங்குதா? கேக்கவே வேணாம். தலைவலின்னு போனவன் தலையை எடுத்துட்டு, 'உடம்பு பத்திரமா இருக்குல்ல சார்?'னு கேக்குற வைத்தியம் இது. அதைத் திட்டத்தான் இந்தப் பதிவு. கடைக்காரங்களை மட்டும் இல்ல மக்களே, உங்களுக்கும் இருக்கு.

வேப்பூர்ல இருக்கற எங்க மாமா (அம்மாவோட தம்பி) ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எழவு வீட்டு ஒப்பாரி, நடவுப் பாட்டு, கூத்துக்காரங்க பேச்சுன்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் அலைஞ்சு பதினஞ்சு வருஷமா பதிவு பண்ணி வச்சிருந்தார். முதல்ல கேசட், அப்புறம் செல்போன். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, யார் பாடுனது, எந்த ஊர், யாரு சாவுக்குப் பாடுனதுன்னு தனியா ஒரு கோப்புல தட்டச்சும் பண்ணியிருந்தார். பாடுனவங்கள்ல பாதிப் பேர் இப்ப உயிரோட இல்ல. போன ஆடியில அந்தப் பொட்டி பாதியிலேயே நின்னு நின்னு போக ஆரம்பிச்சது. ஒரு கடையில கொண்டுபோய்க் குடுத்தார். உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு, 'புது விண்டோஸ் போட்டாச்சு சார், இனிமே சூப்பரா ஓடும்'னு திருப்பிக் குடுத்துட்டாங்க. முந்நூறு ரூபா கூலி.

ஃபார்மட்னா உள்ள என்னதான் நடக்குது? பழைய சுழலும் டிஸ்க்ல விரைவு ஃபார்மட் பண்ணா கோப்புகள் உடனே அழியறதில்ல. எது எங்க இருக்குங்கற அட்டவணைதான் போகுது. நூலகத்துல புத்தகமெல்லாம் அலமாரியிலேயே இருக்க, பட்டியலை மட்டும் கொளுத்துன மாதிரி. அதோட நிறுத்தியிருந்தா பிழைச்சோம். அதுமேலயே விண்டோஸை நிறுவுனா புதுக் கோப்பு பழசு மேல உக்காந்துடும். உக்காந்த இடம் போனது போனதுதான். முழு ஃபார்மட் இன்னும் மோசம், விஸ்டா காலத்துல இருந்து அது டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதிடுது. எஸ்.எஸ்.டி.யா இருந்தா விரைவு ஃபார்மட்டே போதும். 'இந்த இடமெல்லாம் காலி'ன்னு டிரிம் கட்டளை போய், பெரும்பாலும் டிரைவே துடைச்சு வச்சுடும். இது தெரியாதவங்க கையிலதான் ஊரோட கல்யாண ஆல்பமும் வக்கீல் கணக்கும் இருக்கு.

மாமா டிஸ்கை லினக்ஸ்ல மாட்டி, டிடிரெஸ்கியூ வச்சு வேற ஒரு டிஸ்குக்கு அப்படியே படி எடுத்தேன். படிக்க முடியற இடத்தை எல்லாம் முதல்ல வாரிக்கிட்டு, அடம் பிடிக்கற இடத்துக்குக் கடைசியா வரும், கெட்டிக்காரப் பிள்ளை. (டிஸ்க் டக்டக்னு சத்தம் போட்டுச்சுன்னா இதைக்கூடச் செய்யாதீங்க. கரண்டை நிறுத்திட்டு, தூசியில்லா அறை வச்சிருக்கறவங்ககிட்ட போங்க. ஃப்ரீசர்ல வச்சா சரியாகும்னு சொல்றவனைப் பிடிச்சு ஃப்ரீசர்ல வைங்க :-)) அப்புறம் அந்தப் படி மேல ஃபோட்டோரெக் ஓட்டுனேன். முக்கால்வாசிப் பாட்டு வந்துடுச்சு. ஆனா ஃபோட்டோரெக் கோப்போட உள்ளடக்கத்தை மோந்து பாத்து எடுக்கற ஆளு. பழைய பேரு, ஃபோல்டர் எதுவும் திரும்பாது, வெறும் எண்தான். விவரம் எழுதுன கோப்பு இருந்த இடத்துலயோ விண்டோஸ் சப்பணம் போட்டு உக்காந்திருக்கு. ஒரு அம்மா வயிறெரிஞ்சு அழுவுது, யாரு, எந்த ஊரு, யாருக்காகன்னு தெரியல. மாமா குரலை வச்சே நெறைய பேரைக் கண்டுபிடிச்சுட்டார். மிச்சம் நாப்பதுக்கு மேல யாருக்கும் தெரியல.

'விதி, என்ன பண்றது'ன்னு சொந்தக்காரங்க ஆறுதல் சொன்னாங்க. விதியாவது வெங்காயமாவது. விருத்தாசலத்துல செராமிக் பொம்மை, அகல் விளக்கு செய்யறவங்களைப் போய்ப் பாருங்க. பாரிஸ் சாந்து அச்சுல மண்குழம்பை ஊத்தி எடுக்கற வேலை. அச்சு ஊத்த ஊத்தத் தேயும். அதனால அச்சுக்கே ஒரு மூல அச்சைத் தனியா எடுத்து வைக்கறதுதான் இந்தத் தொழிலோட முறை. பொம்மை உடைஞ்சா விதின்னு உக்காந்து அழ மாட்டாங்க, இன்னொண்ணு ஊத்துவாங்க. பக்கத்து ஊரு தொழில்ல இருக்கற இந்த புத்தி, பொட்டி தட்டுற நமக்கு ஏன் இல்ல?

'எல்லாம் கிளவுட்ல இருக்கு பாஸ்'னு இப்ப ஒருத்தர் வருவார் பாருங்க. அண்ணே, கிளவுட்னா வேற எவனோடயோ கம்ப்யூட்டர். 2025 செப்டம்பர் 26 அன்னைக்கு தென்கொரியாவுல டேஜான் நகர அரசு தரவு மையத்துல தீ பிடிச்சது. அரசு ஊழியர்கள் சேமிச்சு வச்ச ஜி-டிரைவ் அப்படியே போச்சு, 858 டெராபைட். வெளியே படி இல்ல. காரணம் கேட்டா, கொள்ளளவு ரொம்பப் பெருசாம்! அடுத்து, ஒத்திசைவு வேற, பேக்கப் வேற. இங்க ஒரு கோப்பை அழிச்சா அங்கயும் சமத்தா அழிக்கும். ரெய்டும் அப்படித்தான், ஒரு டிஸ்க் செத்தாத் தாங்கும், உங்க கை தவறினாத் தாங்காது. பக்கத்து அலமாரியில இன்னொரு டிஸ்க் வச்சிருக்கேன்னா, 2011 டிசம்பர் 30ல தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டுனதை நெனச்சுப் பாருங்க. கூரை போனா ரெண்டும் சேர்ந்துதான் நனையும். ஒண்ணு அக்கா வீட்டுல இருக்கட்டும், வேற ஊரா இருந்தா நல்லது.

படி எடுத்தா மட்டும் பத்தாது. 2017 ஜனவரி 31ல கிட்லேப்ல ஒரு பொறியாளர் தப்பான சர்வர்ல தரவை அழிச்சுட்டார். அஞ்சு விதமான காப்பு ஏற்பாடு இருந்தது, ஒண்ணுகூட உருப்படியா வேலை செய்யல. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி யதேச்சையா எடுத்திருந்த ஒரு படிதான் காப்பாத்துச்சு. திரும்ப ஏத்திப் பாக்காத பேக்கப்பும் தேர்தல் வாக்குறுதியும் ஒண்ணு.

தமிழ்ல எழுதுற நமக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. கோப்பு பத்திரமா இருக்கும், படிக்க முடியாது. திஸ்கி, பாமினி, டேப்னு ஒரு காலத்துல எழுதித் தள்ளுனது இப்ப திறந்தா ஒரே கிறுக்கல். மூத்த பதிவர்களே, உங்க பழைய கதை, கட்டுரை எல்லாம் எந்த எழுத்துருவுல கிடக்கு? மாத்தித் தர்ற செயலிகள் இருக்கறப்பவே யூனிகோடுக்கு மாத்துங்க. வலைப்பதிவை ஏற்றுமதி பண்ணி வச்சிருக்கேன்னு சொல்றவங்க அந்தக் கோப்பை ஒருதடவை திறந்து பாருங்க. படம் இருக்க வேண்டிய இடத்துல படத்தோட முகவரி மட்டும்தான் இருக்கான்னு பாத்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. 'அருமையான பதிவு நண்பரே'ன்னு மட்டும் போட்டுட்டுப் போறவங்களுக்கு இந்தத் தடவை நன்றி சொல்றதா இல்ல.