தகுதி பார்க்காத அருள்

திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வப்பள்ளி ராதாகிருஷ்ணனை ஆசிரியர் தினத்தன்று மட்டும் நினைத்துக்கொள்வது நம் வழக்கம். இளமையில் அவர் எதிர்கொண்ட வாதத்தை யாரும் பேசுவதில்லை. முருகன் மலையடிவாரத்தில் பிறந்த அவர் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீசு கல்லூரியிலும், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். சென்னையில் அவருக்குத் தத்துவம் கற்பித்த ஏ.ஜி. ஹாக், வினைக் கோட்பாட்டையும் மீட்பையும் ஒப்பிட்டு 1909இல் ஒரு நூலே வெளியிட்டார். வினைக் கோட்பாட்டில் பிரபஞ்சம் அவரவர்க்கு உரியதைத் தீர்ப்பாக வழங்குகிறது, கிறிஸ்தவத்தின் கடவுளோ தீர்ப்போடு நிற்பதில்லை என்பது ஹாக்கின் கட்சி. மாணவரோ வேதாந்தத்திலும் அறத்துக்கு இடமுண்டு என்று 1908லேயே ஆய்வேடு எழுதியிருந்தார். பிற்காலத்தில் வினையைச் சீட்டாட்டத்தோடு ஒப்பிட்டார்: கைக்கு வந்த சீட்டு பழைய வினையின் பயன், ஆடும் விதம் நம் பொறுப்பு.

நயமான விளக்கம்தான். ஆனாலும் நல்ல சீட்டு கிடைத்தவர், அது தனக்கு உரியது என்று நினைத்துக்கொள்ள அதில் இடமிருக்கிறது. பிறப்பிலேயே உயர்வு தாழ்வு பார்க்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதை அந்த நினைப்பைத்தான் குறிவைக்கிறது. விடியலிலிருந்து உழைத்தவருக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவருக்கும் ஒரே கூலி. முணுமுணுப்பவர்கள் முதலில் வந்தவர்கள். பேசிய கூலியில் அவர்களுக்குக் காசு குறையவில்லை, பிறரைவிட மேலானவர் என்ற பெருமைதான் பறிபோனது. கிறிஸ்தவம் சொல்லும் அருளின் கூர்மை இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் யாரும் எப்படியும் வாழலாமா என்ற கேள்வி நியாயமானது. பவுலே ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அதை எழுப்பி மறுக்கிறார். மலிவான அருள் சபைக்குப் பகை என்று ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோபர் 1937இல் எழுதினார். ஹிட்லரை எதிர்த்த அவருக்கு 1945இல் தூக்கு. அருளை நம்பியவர் பொறுப்பைக் கைவிடவில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: தகுதியற்றவனை ஆட்கொள்ளும் அருள் தமிழருக்குப் புதிதா? திருத்தணிகையைத் திருப்புகழில் பாடிய அருணகிரிநாதரே, சீரழிந்து உயிரைவிடத் துணிந்தபோது முருகனால் தடுத்தாட்கொள்ளப்பட்டவர் என்பது நம் மரபு. உயிரைப் பிணித்திருக்கும் மலம் பக்குவப்படும்போது அருள் பதியும் என்று சைவ சித்தாந்தம் சொன்னாலும், அந்தப் பக்குவத்தைத் தருவதும் அருள்தான் என்று சேர்த்தே சொல்கிறது. ஆகவே அருள் தங்களுக்கு மட்டுமே தெரியும் என்று கிறிஸ்தவர்கள் உரிமை கொண்டாட முடியாது. வேறுபாடு சிலுவையில் இருக்கிறது: மன்னிப்பின் விலையைக் கடவுளே, ரோம ஆட்சியில் நடந்த ஒரு மரண தண்டனையில், தன் உடலால் கொடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை வைத்தே அவர்களை உரசிப் பார்க்கலாம். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக ஆலயத்தையே இரண்டாகப் பிரித்துக் கட்டினார்கள். நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது, அதையும் எதிர்த்து வழக்காடினார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை என்ற வழக்கம் தமிழகத்தில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. வினையை நம்புகிறவர் பிறப்பைக் காட்டிச் சாதியை நியாயப்படுத்தினால், தவறாகவேனும் ஒரு கோட்பாட்டைத் துணைக்கு அழைக்கிறார். அருளைப் பிரசங்கிக்கும் சபைக்கு அந்தச் சாக்கும் கிடையாது.