எங்கே வெட்டணும், எங்கே அழுத்தணும்?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வரவே முடியல. இன்னைக்கு டச்சுப் புராணம்.

நெதர்லாந்து வந்த புதுசு. ஸ்டேஷன் திரையில் ரயில் தாமதத்துக்குக் காரணம் ஒரே வார்த்தையில் போட்டிருந்தது: 'பொம்மெல்டிங்'. டச்சில் 'டிங்' என்றால் சாமான். ஏதோ 'பொம்மெல்' சாமான் ரிப்பேர் போலன்னு நினைச்சு சாவகாசமா காபி குடிச்சுட்டு நின்னேன். பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார், அது 'பொம்-மெல்டிங்', வெடிகுண்டு இருக்கிறதா தகவல் வந்திருக்குன்னு. அவ்வ்வ்...

டச்சுல கூட்டுச்சொற்களை இடைவெளி விடாம ஒட்டித்தான் எழுதுவாங்க. நம்ம இலக்கணத்தில் பொதுமொழின்னு படிச்சோமே, 'பலகை' அப்படியே நின்றால் மரப்பலகை, பிரித்தால் பல கை, கிட்டத்தட்ட அதே கதை. ஆனா அங்கே வெட்டுற இடம் மாறினால் அழுத்தமும் மாறலாம். ஒரே எழுத்துகளை 'மஸ்ஸாஷ-பெட்' என்று இரண்டாம் அசையை அழுத்திப் படித்தால் மசாஜ் கட்டில். 'மஸ்ஸா-ஹெபெட்' என்று முதல் அசையை அழுத்தினால் கூட்டுப் பிரார்த்தனை!

இதில் நான் வாங்கின பெரிய பல்பு 'வோர்கோமன்'. முதல் அசையை அழுத்தினால் 'நிகழ்வது'. நடு அசையை அழுத்தினால் 'வராமல் தடுப்பது'. மீட்டிங்கில் 'இந்தப் பிழை வரலாம்' என்று எச்சரிக்க நினைத்து அழுத்தத்தை மாற்றிப் போட்டுட்டேன். "நல்லது, எப்படித் தடுப்பீங்க?" என்றார் எதிரில் இருந்தவர் :-)

என் கட்சி இதுதான்: வெளிநாட்டவருக்கான பாடப் புத்தகத்தில், சொல் பட்டியலில் ஒட்டு எங்கே, அழுத்தம் எங்கே என்று ஒவ்வொரு சொல்லுக்கும் குறி போடணும். 'கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் முதல் பாகத்துக்கே அழுத்தம்' என்ற ஒரு வரி விதி போதாது. நம்ம ஆளுங்க முதலில் போய் நிற்கும் நகராட்சிக் கட்டிடம், 'ஸ்டாட்ஹவ்ஸ்', அதற்கே அழுத்தம் இரண்டாம் பாகத்தில்!

"நாங்க யாரும் குழம்புறதில்லையே" என்கிறார் டச்சு நண்பர். உண்மைதான். கேட்டு வளர்ந்த காதுக்குக் குறி வேண்டாம். காகிதத்தில் படிச்சுக் கத்துக்கிற எங்களுக்கு? குழப்பம் வரும் இடத்தில் நடுவே சிறுகோடு போடவும், உயிரெழுத்தின் தலையில் அழுத்தக்குறி போடவும் டச்சு எழுத்துமுறையே இடம் கொடுக்குது. இருக்கிற வசதியைப் பயன்படுத்தினால் என்ன?

மொழி தெரியாதது தப்பில்லை. ஆனா சொல் தெரிஞ்சும், தப்பா அழுத்திடுவோமோன்னு பயந்து ஆங்கிலத்துக்குத் தாவுறது கொடுமை. ஒரு வருஷம் நான் அதைத்தான் செஞ்சேன்.

இதே மாதிரி பல்பு வாங்கின மக்கள் பின்னூட்டத்தில் கைதூக்குங்கப்பா!