வாசலில் பனி! அள்ளுவது யார்?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருப்பது மாசசூசெட்ஸ் மாநிலம். அதன் தலைநகரம் பாஸ்டன். குளிர்காலத்தில் அங்கே சில நாட்களில் ஒரே இரவில் முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டிவிடும். பார்ப்பதற்குப் பஞ்சு போல் இருக்கும். அது பகலில் சிறிது உருகி, இரவில் மீண்டும் உறைந்தால் கண்ணாடி போல் ஆகிவிடும். காலை வைத்தால் வழுக்கும். வயதானவர்கள் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும்.

வாடகை வீட்டின் படிக்கட்டில் கிடக்கும் பனியை அள்ள வேண்டியது யார்? வீட்டுக்காரரா? குடியிருப்பவரா?

நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மாநிலக் கோர்ட்டுகளில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. வானத்திலிருந்து விழுந்த பனி அப்படியே கிடந்து, ஒருவர் வழுக்கி விழுந்தால் சொந்தக்காரர் பொறுப்பல்ல. அது இயற்கை! கூரையின் ஓட்டைக் குழாயிலிருந்து சொட்டிய நீர் உறைந்து, அதில் விழுந்தால்தான் நஷ்டஈடு கிடைக்கும்.

2002-ம் ஆண்டு டிசம்பரில் ஒருவர் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தார். வழக்கு நடந்தது. அந்தப் பனிக்கட்டி குவியலிலிருந்து உருண்டு வந்ததா, உருகி உறைந்ததா என்று விவாதம்! விழுந்த மனிதரை விட, பனியின் பூர்வீகம் பெரிதாகிவிட்டது.

2010 ஜூலையில் மாநிலத்தின் தலைமைக் கோர்ட்டு அந்த விதியை ஒழித்தது. பனி எப்படி வந்தால் என்ன? மற்ற ஆபத்துகளைப் போலவே அதையும் சொந்தக்காரர் நியாயமான முறையில் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நல்ல தீர்ப்பு! பொதுப் படிக்கட்டு எந்தக் குடித்தனக்காரருக்கும் சொந்தமல்ல. "அவர் அள்ளட்டும்" என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டால், விழுவது யாரோ ஒரு பாட்டி!

பனி கொட்டும்போதே அள்ள முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்கலாம். அப்படி யாரும் சொல்லவில்லை. பாஸ்டன் நகர விதிப்படி, பனி நின்ற 3 மணி நேரத்துக்குள் வீட்டின் முன்னுள்ள நடைபாதையில் 42 அங்குல அகலத்துக்கு வழி செய்தால் போதும். இரவில் பெய்தால், சூரியன் உதித்து 3 மணி நேரம் வரை அவகாசம் உண்டு.

குடியிருப்பவர் மட்டுமே பயன்படுத்தும் தனி வழி இருந்து, ஒப்பந்தத்தில் எழுதியும் இருந்தால், அந்த வழியை அவரே சுத்தம் செய்ய வேண்டும். அதுவும் நியாயமே.

வாசற்படியும் வீட்டைச் சேர்ந்ததுதான். மாதம் பிறந்ததும் வாடகைக்கு நீளும் கை, பனி பெய்ததும் அதை அள்ளவும் நீள வேண்டும்!