காப்பி எடுத்தா களவா? ஒரு பூஞ்சணம் பிடிச்ச சீடியின் கதை

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை. கொம்பியூட்டர் அறையில் ஆறு பெட்டி இருக்கு. போன மாசம் நாங்க போய்ப் பார்த்தப்போ ஓடியது ரெண்டுதான். மற்ற நாலிலும் பெரிய பழுது ஒன்றும் இல்லை. விண்டோஸ் 7 கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். திரும்பப் போட்டால் சரி. 25 எழுத்து உரிமச் சாவி ஒட்டிய ஸ்டிக்கர்கூட பெட்டியின் பக்கத்தில் அழியாமல் இருந்தது. சீடிதான் பிரச்சினை. (அது டிவிடி. ஆனா நம்ம ஊரில் வட்டமா இருந்தா எல்லாம் சீடிதான்.)

தொலைச்சுட்டாங்கன்னு நினைக்காதீங்க. இருப்புப் புத்தகத்தில் பதிந்து, உறையில் போட்டு, அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். மாசக்கணக்கில் மழையும் பனிமூட்டமும் உள்ள மலையில், பூட்டிய அலுமாரிக்குள் என்ன நடக்கும்? தட்டு முழுக்க பூஞ்சணம். குறுக்கே ஒரு வெடிப்பு வேற.

"காப்பி ஒன்னு எடுத்து வைக்கலையா சேர்?"

"ஐயோ, அது களவு இல்லையா தம்பி?"

இந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறோம். டவுனில் ஒரு கடையில் கேட்டோம். புதுசா வாங்கச் சொன்னார்கள், இல்லாட்டி "நம்மகிட்ட ஒன்னு இருக்கு, போட்டுத் தாறோம்" என்றார்கள். அந்த "ஒன்னு" எதுன்னு சொல்லத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கிய உரிமம் பெட்டியில் ஒட்டிக் கிடக்கு. திருட்டுப் பிரதிக்கு மறுபடி காசு கொடுக்கணுமாம். இது யாருக்கும் களவாத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்லுது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், மென்பொருள் பிரதியைச் சட்டப்படி சொந்தமாக வைத்திருப்பவர், ஆக்கியவரிடம் கேட்காமலே ஒரு பிரதி எடுக்கலாம் என்கிறது. எதற்கு? சேமித்து வைக்கவும், வாங்கிய பிரதி தொலைந்தால், அழிந்தால், பாவிக்க முடியாமல் போனால் அதற்குப் பதிலாக வைக்கவும். ஒரே ஒரு பிரதி, உங்களுக்கு மட்டும். விற்கவோ பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவோ இல்லை. இந்தியாவிலும் அமெரிக்காவிலும்கூட இப்படி ஏற்பாடு உண்டு. "நாங்க விற்கல, உரிமம்தான் தந்தோம்" என்று கம்பனிகள் வாதாடும். வாதாடட்டும். அதுக்குப் பயந்து ஒரு பாடசாலை தன் சீடியைப் பூஞ்சணத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

கம்பனி மாற்றுத் தட்டு தரும்னு காத்திருக்கவும் ஏலாது. விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்திவிட்டது. ஆதரவு முடிந்த மென்பொருளுக்கு உங்க அலுமாரிதான் கடைசி நூலகம்.

காப்பி எடுப்பதைப் பற்றி மாத்தளைக்காரருக்குப் பாடம் சொல்வதே வேடிக்கை. ஓலையில் திரிபிடகத்தை எழுதி வைத்த அலுவிகாரை இங்கேதான் இருக்கு. 1848 கிளர்ச்சியை வெள்ளைக்காரன் அடக்கியபோது அங்கிருந்த ஏடுகள் அழிந்தன. பிக்குகள் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள்.

"லினக்ஸ் போட வேண்டியதுதானே?" என்பீர்கள். 2011 வரை உபுண்டு சீடியைத் தபாலில் இலவசமாகவே உலகம் முழுக்க அனுப்பினார்கள். இப்போ இறக்கிக்கொள்ளலாம், எத்தனை பிரதியும் எடுக்கலாம். ஆனா டீச்சர் பழகியது விண்டோஸ், சாதாரண தர ஐசிடி பாடத்துக்குப் பிள்ளைகள் பழகுவதும் அதில்தான். மாறுவது அவங்க முடிவா இருக்கணும், சீடி உடைஞ்சதால வந்த கட்டாயமா இருக்கக் கூடாது.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் நாங்க கேட்பது சின்ன விஷயம்: கொம்பியூட்டர் வந்து இறங்கும் அன்றே ஒரு பிரதி எடுக்கச் சொல்லி, சாவியையும் எழுதி வைக்கச் சொல்லி எல்லாப் பாடசாலைக்கும் ஒரு கடிதம். "இது களவு இல்லை" என்று அதில் ஒரு வரி கட்டாயம் வேணும்.

அந்த நாலு பெட்டியிலும் இப்போதைக்கு உபுண்டு ஓடுது. அதைப் போட்ட பென் டிரைவ் ரெண்டை சேரிடம் கொடுத்தோம். இருப்புப் புத்தகத்தில் பதிந்துவிட்டு, ரெண்டையும் எடுத்துக்கொண்டு அதே அலுமாரிப் பக்கம் போனார். ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு கெஞ்ச வேண்டியதாப் போச்சு.