மாசத்துக்கு ஒருநாள் கறி சாப்பிடுறவங்க சைவமா, அசைவமா? 'ஃப்ளெக்சிடேரியன்' பெயர் நமக்குத் தேவையா?

வந்தே பாரத் ரயிலில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு கேள்வி வரும். சைவமா, அசைவமா, சாப்பாடே வேண்டாமா?

ஒரு மாதம் முன்னாடியே டிக்கெட் எடுக்கும் ஒருவர், பயண நாள் வெள்ளிக்கிழமையா, அமாவாசையா, புரட்டாசி சனியா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் அந்த பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறது. பலர் யோசிக்காமல் 'சைவம்' என்று போட்டுவிடுவார்கள். பிரச்னை இல்லாத பதில் அதுதானே.

ஆனால் அவர் உண்மையில் சைவமா? மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டில் கோழிக் குழம்பு வைத்தால் சாப்பிடுவார். குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டினால் இலையில் உட்காருவார். மற்ற நாளெல்லாம் சாம்பார், ரசம், மோர். இப்படி இருப்பவர்களுக்கு மேற்கத்திய நாடுகளில் ஒரு பெயர் இருக்கிறது: ஃப்ளெக்சிடேரியன். பெரும்பாலும் சைவம், எப்போதாவது அசைவம் என்பது இதன் பொருள்.

இந்தப் பெயர் இப்போது இங்கேயும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், டயட் ஆப்கள் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. கேள்வி என்னவென்றால், இது நமக்கு எதற்கு?

பெயர் எங்கிருந்து வந்தது?

இந்தச் சொல் 1990களின் கடைசியில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. 2003ஆம் ஆண்டின் மிகப் பயனுள்ள சொல்லாக அமெரிக்க வட்டார மொழிச் சங்கம் இதைத் தேர்வு செய்தது. பிறகு அகராதிகளில் ஏறியது, டயட் புத்தகம் வந்தது. ஜெர்மனி அரசின் வருடாந்திர உணவு அறிக்கையில் இது ஒரு தனிப் பிரிவாகவே இருக்கிறது. 2024 அறிக்கையில் சுமார் 10ல் 4 பேர் தங்களை ஃப்ளெக்சிடேரியன் என்று சொல்லியிருந்தார்கள்.

அங்கே இந்தப் பெயருக்கு ஒரு தேவை இருந்தது. தினமும் இறைச்சி சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். அமெரிக்காவில் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி போகிறது. அந்த ஊரில் ஒருவர் 'நான் குறைச்சுக்கிட்டேன்' என்று சொன்னால், அது வழக்கத்திலிருந்து விலகுவது. விலகுபவருக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது.

கூடவே வியாபாரமும் உண்டு. 2019ல் அமெரிக்கப் பங்குச்சந்தைக்கு வந்த பியாண்ட் மீட் போன்ற தாவர இறைச்சி நிறுவனங்கள் குறிவைத்தது முழு சைவர்களை இல்லை. கறியைக் குறைக்க நினைக்கும் கறிப்பிரியர்களைத்தான். ஒரு கூட்டத்துக்குப் பெயர் இருந்தால் விற்பது சுலபம்.

இந்தியாவின் கணக்கு வேற

இங்கே நிலைமை தலைகீழ். 2019-21ல் எடுக்கப்பட்ட 5ஆவது தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் மீன், கோழி, இறைச்சியை எவ்வளவு தடவை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது. தினமும், வாரம் ஒருமுறை, எப்போதாவது, ஒருபோதும் இல்லை. இதுதான் பதில்களின் வரிசை.

எப்போதாவதேனும் சாப்பிடும் ஆண்கள் 83.4 சதவீதம். பெண்கள் 70.6 சதவீதம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது சாப்பிடுபவர்கள் என்று பார்த்தால் ஆண்கள் 57.3 சதவீதம், பெண்கள் 45.1 சதவீதம்தான்.

நடுவில் இருக்கும் இடைவெளியைக் கவனிங்க. ஆண்களில் 26, பெண்களில் 25. அதாவது நாட்டில் சுமார் நாலில் ஒருவர் அசைவம் சாப்பிடுபவர்தான், ஆனால் வாரம் ஒருமுறைகூட சாப்பிடுவதில்லை. இவர்களைத்தான் மேற்கில் ஃப்ளெக்சிடேரியன் என்பார்கள். இங்கே இவர்களுக்குப் பெயரே கிடையாது, ஏனென்றால் யாரும் இவர்களை விசித்திரமாகப் பார்த்ததில்லை.

பியூ ஆய்வு மையம் 2021ல் வெளியிட்ட ஆய்வில் இந்தியர்களில் 39 சதவீதம் பேர் தங்களை சைவம் என்று சொன்னார்கள். ஆனால் 81 சதவீதம் பேர், சில வகை இறைச்சியைத் தொடுவதில்லை அல்லது சில நாட்களில் சாப்பிடுவதில்லை என ஏதோ ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மேலே சொன்ன குடும்ப நல ஆய்வில் 'ஒருபோதும் இல்லை' என்றவர்கள் ஆண்களில் 16.6, பெண்களில் 29.4 சதவீதம்தான். இரண்டும் வேறு வேறு ஆய்வு, வயதும் கேள்வியும் வேறு, அதனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் 'நீங்க யாரு?' என்று கேட்டால் ஒரு பதிலும், 'எத்தனை தடவை சாப்பிடுறீங்க?' என்று கேட்டால் இன்னொரு பதிலும் வருவது ஆச்சரியமான விஷயம் இல்லை.

தமிழ்நாட்டைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி சொல்லப்படும் எண் ஒன்று உண்டு. 2014 மாதிரிப் பதிவு அடிப்படை ஆய்வின்படி இங்கே 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அசைவம். உணவு அரசியல் விவாதம் எது வந்தாலும் இந்த எண் வந்துவிடும். சரியான எண்தான். ஆனால் தினமும் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஒருவரும், ஆடியிலும் தீபாவளிக்கும் மட்டும் கறி எடுக்கும் ஒருவரும் அந்த 97க்குள் ஒரே மாதிரிதான் எண்ணப்படுகிறார்கள்.

அளவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2023-24ல் நாட்டின் இறைச்சி உற்பத்தி சுமார் 1 கோடி டன். 140 கோடி பேருக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஆளுக்கு 7 கிலோ சொச்சம், ஒரு நாளைக்கு 20 கிராம். இதில் ஏற்றுமதியாகும் எருமை இறைச்சியையும் கழிக்க வேண்டும். 2019ல் ஈட்-லான்செட் குழு பூமிக்கும் உடம்புக்கும் நல்லது என்று பரிந்துரைத்த உணவு முறையில்கூட சிவப்பு இறைச்சி 14 கிராம், கோழி 29 கிராம் என நாளுக்கு 43 கிராம் இருக்கிறது. சராசரி என்பது வித்தியாசங்களை மறைக்கும், உண்மைதான். ஆனாலும் உலகத்துக்கு இலக்காக வைக்கப்பட்ட அளவுக்குக் கீழேதான் இந்தியத் தட்டு ஏற்கெனவே இருக்கிறது.

ஆளுக்கு இல்ல, நாளுக்குத்தான் பெயர்

தமிழில் இதைப் பேசும் விதமே வேறு. 'இன்னைக்கு எங்க வீட்ல சைவம்', 'கிருத்திகை, அதனால கவுச்சி கிடையாது', 'மாலை போட்டிருக்கார், 48 நாள் எடுக்க மாட்டோம்.' இதில் எல்லாம் பெயர் ஒட்டப்படுவது ஆளின் மேல் இல்லை, நாளின் மேல். இலங்கைத் தமிழில் அசைவத்தை 'மச்சம்' என்பார்கள். அங்கேயும் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.

புரட்டாசி வந்தால் கறிக்கோழி விலை இறங்குவதும், மாதம் முடிந்த முதல் ஞாயிறு காசிமேட்டில் கூட்டம் நெருக்குவதும் ஒவ்வொரு ஆண்டும் செய்தி. இத்தனை லட்சம் பேர் ஒரே மாதத்தில் இறைச்சியை நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் திரும்ப ஆரம்பிக்கிறார்கள். அதற்காக யாரும் தன்னை வேறு ஒரு வகை மனிதராக அறிவித்துக்கொள்வதில்லை.

சைவம் என்ற சொல்லே ஒரு சமயத்தின் பெயர்தான். அது சாப்பாட்டின் பெயராகவும் ஆகி, கடைசியில் பெருமாளைக் கும்பிடுபவரும் 'நான் சுத்த சைவம்' என்று சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறது. தமிழில் நடக்கிற வேடிக்கை இது.

அப்போ பெயரே வேண்டாமா?

அவ்வளவு சுலபமாகவும் சொல்லிவிட முடியாது. பெயர் இல்லாததால் சங்கடப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

விருந்துக்குப் போன இடத்தில் 'விரதம்' என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். 'சைவம்' என்றாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் 'சாப்பிடுவேன், இப்ப குறைச்சிருக்கேன்' என்று சொல்லிப் பாருங்க. 'ஒரு பீஸ்தானே, வச்சுக்கோங்க', 'போன வாரம் கல்யாணத்துல சாப்பிட்டீங்களே' என்று ஆரம்பித்துவிடும். டாக்டர் ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னவருக்கும், ஆடு மாடு மேல் இரக்கப்பட்டுக் குறைத்தவருக்கும் இதே கதைதான். முழுசாக விட்டால் மரியாதை, பாதி விட்டால் கிண்டல். இந்த இடத்தில் ஒரு பெயர் கேடயமாக இருக்கும் என்பது நியாயமான வாதம்.

அதேபோல முழு சைவம் என்று அறிவித்துவிட்டு ஒருநாள் தவறினால் 'நீ எல்லாம் சைவமா?' என்ற கேலிக்குப் பயந்து மொத்தமாகக் கைவிடுபவர்களுக்கும், நடுவில் ஒரு பெயர் இருந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

ஆனால் நம் ஊரில் உணவுப் பெயர் வெறும் உணவுப் பெயராக நிற்பதில்லை. சிக்கல் இங்கேதான்.

வாடகைக்கு வீடு தேடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'சைவம் மட்டும்' என்ற பலகை அடுப்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, பல நேரம் அது சாதியை நேரடியாகக் கேட்காமல் கேட்கும் வழி. சென்னை ஐஐடி மெஸ் ஒன்றில் 2018 டிசம்பரில் சைவ, அசைவ மாணவர்களுக்குத் தனித்தனி வாசல், தனித்தனி கைகழுவும் இடம் என ஒட்டப்பட்ட அறிவிப்பு பெரிய சர்ச்சையாகி, பிறகு அகற்றப்பட்டது.

2024 மார்ச் 19ஆம் தேதி சொமேட்டோ நிறுவனம் சுத்த சைவ வாடிக்கையாளர்களுக்கு என்று பச்சைச் சட்டை போட்ட தனி டெலிவரி குழுவை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. சிவப்புச் சட்டை போட்டவர் வந்தாலே அசைவம் என்று அடையாளம் காணப்பட்டு, சில குடியிருப்புகளில் அவரை உள்ளே விடாத நிலை வரலாம் என்ற கவலை எழுந்ததும், மறுநாளே பச்சைச் சட்டை திரும்பப் பெறப்பட்டது. ஒரே நாளில் உணவின் மேல் இருந்த நிறம் அதைச் சுமக்கும் தொழிலாளியின் மேல் ஏறிவிட்டது.

இந்தச் சூழலில் 'நான் ஃப்ளெக்சிடேரியன்' என்று வீட்டு உரிமையாளரிடம் சொன்னால் என்ன ஆகும்? அவர் காதில் 'அசைவம்' என்று மட்டும்தான் விழும்.

இன்னொன்று, ஃப்ளெக்சிடேரியன் என்ற சொல்லுக்குள் 'நானாக விரும்பிக் குறைத்தேன்' என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் மாதம் ஒருமுறை கறி எடுக்கும் பல வீடுகளில் காரணம் ஆட்டுக்கறி விலை. வாங்க முடியாததை வாழ்க்கை முறை என்று சொல்வது கொஞ்சம் அநியாயம். அதிலும் வாங்கி வந்த அரை கிலோவில் யாருக்கு எத்தனை துண்டு போகிறது, கடைசியில் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடுவது யார் என்பது எந்தச் சர்வேயிலும் தெரியாது.

மருத்துவமனையில்தான் உண்மையான சிக்கல்

உணவுப் பெயர் நிஜமாகவே முக்கியமாகும் ஒரு இடம் டாக்டரின் மேஜை. 'சைவமா, அசைவமா?' என்ற கேள்விக்கு 'அசைவம்' என்று ஒரு பெண் சொல்கிறார். கோழி சாப்பிட்டு 3 வாரம் ஆகியிருக்கலாம். முட்டை வாரம் ஒன்று. ஆனால் சீட்டில் எழுதப்படுவது 'அசைவம்' என்ற ஒரு வார்த்தை. வைட்டமின் பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான். இறைச்சியில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு கீரை, பருப்பில் இருப்பதைவிட எளிதாக எடுத்துக்கொள்ளும். 'அசைவம்தானே, சத்து கிடைச்சிருக்கும்' என்ற முடிவுக்கு அந்த ஒரு வார்த்தை இட்டுச்செல்லக்கூடும்.

நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. 97 சதவீதம் அசைவம் எனப்படும் தமிழ்நாட்டிலும் 53.4 சதவீதம். ரத்தசோகைக்குக் காரணங்கள் பல, கறி சாப்பிடாதது மட்டும் இல்லை. ஆனால் அசைவம் என்ற பெயர் தட்டில் இருப்பதைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதே போதும்.

இங்கே 'ஃப்ளெக்சிடேரியன்' என்று எழுதினாலும் டாக்டருக்கு உதவாது. வாரம் இருமுறையா, மாதம் ஒருமுறையா, பொங்கலுக்குப் பொங்கலா? எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். 'கடைசியா எப்போ சாப்பிட்டீங்க, பால் குடிப்பீங்களா, முட்டை எத்தனை?' என்ற 3 கேள்விக்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.

பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி பயனுள்ளதாக இருப்பதற்கும் காரணம் இதுதான். 2001ல் தொடங்கிய அந்த விதி, பிஸ்கட்டைப் பற்றிப் பேசுகிறது, அதைச் சாப்பிடுபவரைப் பற்றி அல்ல. அதிலும் பால் பச்சையில் வரும், முட்டை பழுப்பில் வரும் என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். பாலும் வேண்டாம் என்பவர்களுக்கு 2021ல் தனியாக வீகன் முத்திரையும் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால், சாப்பிடலாமா வேண்டாமா என்பதை அவரவர் அன்றைய நாளைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

தமிழ்நாட்டின் சத்துணவுக் கூடங்களில் இது ரொம்ப காலமாக ஓசையில்லாமல் நடக்கிறது. குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கிறார்கள். முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம். தட்டை நீட்டும்போது கேட்கப்படுவது 'முட்டையா, பழமா?' என்பது மட்டும்தான்.